தன் கல்வித் திட்டத்தில் தன் குரல்: சிறப்புக் கல்விக் கூட்டத்தில் மாணவரின் இடம்

பினாங்குப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி பயிலும் மாணவர்களுக்குத் தனித்தனியே கல்வித் திட்டம் வகுக்கப்படுகிறது. மலாய்மொழியில் ‘ரஞ்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு’ என்று பெயர் பெற்று, ஆசிரியர்களிடையே ‘ஆர்.பி.ஐ.’ என்னும் சுருக்கப் பெயரால் வழங்கும் இந்தத் தனியாள் கல்வித் திட்டம், மாணவர் இப்போது எதைச் செய்ய வல்லவர், அடுத்து எதைக் கற்க வேண்டும், அதற்குப் பள்ளியும் வீடும் ஆற்ற வேண்டிய பங்கு என்ன என்பவற்றை எழுத்தில் பதியும் ஆவணமாகும். இதை வகுக்கவும் பின்னர் மறுபரிசீலனை செய்யவும் கூட்டப்படும் சந்திப்பில் பேசப்படுவது மாணவரின் வாழ்க்கையே என்பதால், அங்கே நடப்பதை மாணவரும் முன்கூட்டி அறிந்திருப்பது அவசியம்.

மலேசியாவில் சிறப்புக் கல்விக்கு 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும், அதன்கீழ் 2013இல் வெளியான சிறப்புக் கல்வி ஒழுங்குமுறை விதிகளும் அடிப்படையாக உள்ளன. பார்வை, செவிப்புலன், பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உடையவர்களும், இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து அமைந்தவர்களும் சிறப்புத் தேவை மாணவர்களாகக் கொள்ளப்படுகின்றனர். அவர்கள் தனிச் சிறப்புக் கல்விப் பள்ளியில் சேரலாம். வழக்கமான பள்ளிக்குள் தனி வகுப்பாக நடைபெறும் ஒருங்கிணைப்புத் திட்டத்தில் பயிலலாம். அல்லது மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் உள்ளடக்கக் கல்வித் திட்டத்தில் இடம்பெறலாம். புதிதாகச் சேரும் மாணவர் மூன்று மாதத்திற்கு மேற்படாத தகுதிகாண் காலத்தில் கவனிக்கப்படுகிறார். அக்காலத்தில் ஆசிரியர்கள் குறித்து வைப்பவை அவருடைய தனியாள் திட்டத்திற்கும் துணையாகின்றன.

கூட்டத்தில் தலைமையாசிரியர் அல்லது அவருடைய பிரதிநிதி, சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர், பாடம் நடத்தும் ஆசிரியர்கள், பெற்றோர் ஆகியோர் அமர்வர். அன்றாடம் மாணவருக்குத் துணைநிற்கும் மாணவர் நிர்வாக உதவியாளரும், தேவைக்கேற்பப் பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் போன்றோரும் கலந்துகொள்ளலாம். பேச்சு பெரும்பாலும் மாணவரின் வலிமைகளில் தொடங்கி, இடர்ப்பாடுகளுக்குச் சென்று, நீண்டகாலக் குறிக்கோள், குறுகியகாலக் குறிக்கோள், கற்பிக்கும் முறை, பொறுப்பாளர், மறுபரிசீலனைக்குரிய நாள் என்னும் வரிசையில் செல்லும். தன்னால் இயலாதவற்றைப் பெரியவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதைக் கேட்கும் பிள்ளை மனம் சுருங்கக்கூடும் என்பதால், அது குற்றச்சாட்டு அன்று, உதவி எங்கே தேவை என்பதைக் கண்டறியும் வழி என்று வீட்டிலேயே அவருக்கு விளக்கிவிடுவது நல்லது.

திட்டத்தின் தரத்தை அதன் குறிக்கோள் வாக்கியங்களே காட்டிக்கொடுக்கும். ‘கணிதத்தில் முன்னேறுவார்’ என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து முன்னேற்றம் நிகழ்ந்ததா இல்லையா என்பதை எவராலும் சொல்ல இயலாது. மாறாக, ‘பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஐந்து ரிங்கிட் தாளைக் கொடுத்து உணவு வாங்கி, மீதிச் சில்லறையை ஐந்து முறைகளில் நான்கு முறையாவது பிறர் உதவியின்றிச் சரிபார்ப்பார்’ என்று எழுதினால், எதைக் கற்பிப்பது, எங்கே பழக்குவது, எப்படி அளப்பது என்பவை அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றன. இத்தகைய குறிக்கோளைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிந்த மாணவருக்கு அது தனக்குரியதாகிறது.

பதின்ம வயதை எட்டியவரின் கூட்டத்தில் முடிவுகளின் எடை கூடுகிறது. உள்ளடக்கக் கல்வியில் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவகுப்பில் அமரும் முழுமையான முறையும், சில பாடங்களுக்கு மட்டும் அங்கே செல்லும் பகுதி முறையும் உள்ளன. இவற்றுள் எது பொருந்தும் என்பது விவாதிக்கப்படும். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுபவருக்குக் கூடுதல் நேரம், பிரெயில் வினாத்தாள், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகள் தேவையா என்பதும் பேசப்பட வேண்டும். கைத்தொழிலில் நாட்டமுள்ளவருக்குப் பினாங்கை அடுத்த கெடா மாநிலத்தின் மெர்போக்கில் சிறப்புக் கல்விக்கென்றே தொழிற்கல்வி இடைநிலைப்பள்ளி ஒன்று இருப்பதையும் அறிவிக்க வேண்டும். இவை அனைத்திலும் விருப்பமும் வெறுப்பும் மாணவருக்கே உரியவை. அவரைக் கேளாமல் எடுக்கும் முடிவு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டாலும், அரைகுறையானதே.

இதற்குப் பினாங்கின் வரலாற்றிலேயே சான்று உண்டு. தீவின் வடகரையிலுள்ள தஞ்சோங் பூங்காவில் 1954இல் செவித்திறன் குறைந்தோருக்கான கூட்டரசுப் பள்ளி தொடங்கப்பட்டபோது, உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக்கும் வாய்மொழி முறையே வகுப்பறையில் கோலோச்சியது. பிள்ளைகளோ வகுப்பறைக்கு வெளியே தமக்குள் கைகளால் உரையாடி, பினாங்குச் சைகைமொழி என்று மொழியறிஞர்கள் இன்று பெயரிட்டு அழைக்கும் தனி மொழியொன்றை உருவாக்கிக்கொண்டனர். தமக்கு எது தேவை என்பதைப் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் அறிந்திருந்தனர் என்பதே அந்த மொழி உணர்த்தும் பாடம்.

உலக நாடுகளின் உடன்படிக்கைகளும் இதையே வலியுறுத்துகின்றன. மலேசியா 1995இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு வழங்குகிறது. 2010இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 7ஆவது பிரிவு ஒரு படி மேலே சென்று, அக்கருத்தை வெளியிடுவதற்கு வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியும் தரப்பட வேண்டும் என்கிறது. அமெரிக்கச் சட்டமோ, பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கை விவாதிக்கப்படும் கூட்டத்திற்கு மாணவரைப் பள்ளி அழைத்தே ஆக வேண்டும் என்று விதித்திருக்கிறது.

பேச இயலாத பிள்ளை எவ்வாறு கருத்துச் சொல்லும் என்ற கேள்வி இயல்பானது. பிடித்த வேலை, பிடிக்காத ஓசை, உடன் அமர விரும்பும் நண்பர் ஆகியவற்றைப் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்து, அந்தத் தாளைக் கூட்டத்தில் வைக்கலாம். எழுதத் தெரிந்தவர், ‘எனக்கு நன்றாக வருவது, கடினமாக இருப்பது, உதவியாக இருப்பது’ என மூன்று வரிகள் எழுதிச் செல்லலாம். முழு நேரமும் உட்கார இயலாதவர் முதல் பத்து நிமிடம் மட்டும் இருந்துவிட்டு வெளியேறலாம். கூட்டத்தில் புரியாத சொல்லுக்குப் பொருள் கேட்பதும், இடைவேளை கேட்பதும், ‘இது எனக்கு வேண்டாம்’ என்பதும் மரியாதைக் குறைவாகா.

ஆவணம் மலாயில் அமைவதால், மலாய் சரளமாக வராத தமிழ்ப் பெற்றோர் நம்பிக்கைக்குரிய உறவினரையோ நண்பரையோ உடன் அழைத்துவர முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். படித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். நகல் ஒன்றைக் கேட்டுப் பெற்று, அடுத்த கூட்டத்தின் நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த அழைப்புக் கடிதம் வரும்போது, மகனையோ மகளையோ உடன் அழைத்து வரலாமா என்று ஒவ்வொரு பெற்றோரும் பள்ளியிடம் கேட்க வேண்டும். பள்ளிகளும் அந்தக் கேள்விக்குக் காத்திராமல் மாணவரின் பெயரையும் அழைப்பிலேயே சேர்க்க வேண்டும்.