'ஹேங் ஆன்' சொன்னா போனை வைக்கணுமா? ஏற்காடு சீசனில் குழப்பும் ஆங்கில போன் வார்த்தைகள்

மே மாதம். கோடை விழா, மலர்க் கண்காட்சி என ஏற்காடு களைகட்டும் நேரம். ஒரு விடுதியில் போன் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிமாநிலத்திலிருந்து பேசுபவர் ரெண்டு ரூம் கேட்டுவிட்டு, 'ஹேங் ஆன்' என்கிறார். ரிசப்ஷனில் இருக்கும் புது ஊழியர், "ஓகே சார்" என்று போனை வைத்துவிடுகிறார். புக்கிங் போச்சு!

தப்பு எங்கே?

'ஹேங் ஆன்' என்றால் "கொஞ்சம் லைன்லயே இருங்க". 'ஹேங் அப்' என்றால்தான் போனை வைப்பது. கடைசியில் வரும் சின்னச் சொல் அர்த்தத்தையே தலைகீழாக்கிவிடும்.

போனை எங்கே 'தொங்க' விட்டாங்க?

'ஹேங்' என்றால் தொங்குவது. அந்தக் காலத்து போன் சுவரில் மாட்டியிருக்கும். பேசி முடித்ததும் ரிசீவரை பக்கத்துக் கொக்கியில் தொங்கவிடுவார்கள். அந்த எடையில் கொக்கி கீழே இறங்கி, இணைப்பு துண்டாகும். அதுதான் 'ஹேங் அப்'. போன் ஓயாமல் அடித்தால் 'ரிங்கிங் ஆஃப் த ஹூக்' என்பதும் இதே கொக்கிதான். 'ஹேங் ஆன்' வேறு ரகம்: விடாமல் பிடித்துக்கொள், அதாவது காத்திரு.

ஆபரேட்டர் விட்டுப்போன வார்த்தைகள்

சென்னை, கல்கத்தா, பம்பாயில் 1882-ல் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. ஆபரேட்டர்தான் கையால் வயரைச் செருகி லைன் கொடுப்பார். வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் எஸ்.டி.டி. வசதி, 1960-ல்தான் கான்பூர்-லக்னோ இடையே தொடங்கியது. அதுவரை ட்ரங்க் கால்தான். 'ஹோல்ட் த லைன்' (லைன்ல இருங்க), 'ஐ வில் புட் யூ த்ரூ' (அவருக்கு லைன் கொடுக்கிறேன்) எல்லாம் ஆபரேட்டர் பேச்சு. இன்றைக்கும் ஹோட்டல், ஆபீஸ்களில் இதே வார்த்தைகள்தான்.

மலை ஏறும்போது கேட்பவை

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். வழியில் சிக்னல் விட்டால் கஸ்டமர் சொல்வது இவைதான்:

* 'யூ ஆர் பிரேக்கிங் அப்': உங்க குரல் விட்டுவிட்டு கேக்குது. காதல் 'பிரேக்கப்' இல்லை!
* 'ஐ லாஸ்ட் யூ': லைன் கட் ஆயிடுச்சு.
* 'ஐ குடுன்ட் கெட் த்ரூ': லைனே கிடைக்கலை.

புரியலைன்னா என்ன செய்வது?

போனை மட்டும் வைக்காதீங்க. "ஷால் ஐ ஹோல்ட், ஆர் கால் யூ பேக்?" என்று கேளுங்க. லைன்ல இருக்கட்டுமா, திரும்பக் கூப்பிடட்டுமா என்று அர்த்தம். பேச ஆரம்பித்ததுமே நம்பரைக் குறித்துக்கொண்டால், லைன் போனாலும் புக்கிங் போகாது.