சாபமும் சான்றும்

மைசூர் அரச குடும்பத்தை 400 ஆண்டுகளாகத் துரத்தும் கதை ஒன்று உண்டு. ஆவணங்களோடு அதை ஒப்பிட்டால் எவ்வளவு தேறும்?

2017 டிசம்பரில் மைசூர் அரச குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை, 2015இல் தத்தெடுக்கப்பட்டுப் பட்டம் சூட்டப்பட்ட யதுவீர் கிருஷ்ணதத்த சாமராஜ உடையார். வாழ்த்துகளோடு ஒரு கேள்வியும் கிளம்பியது: அலமேலம்மாவின் சாபம் நீங்கிவிட்டதா?

கர்நாடகத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் குறைவு. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றினார். அங்கே விஜயநகரப் பிரதிநிதியாக இருந்த திருமலராயர், தீராத நோயோடு தலக்காட்டுக்குப் போய் இறந்தார். அவருடைய மனைவி அலமேலம்மாவிடம் இருந்த நகைகளைக் கேட்டு ராஜ உடையாரின் ஆட்கள் வந்தார்கள். அவர் காவிரியில் குதித்து உயிர் விட்டார். குதிக்கும் முன் மூன்று சாபங்கள் இட்டார் என்கிறது கதை: தலக்காடு மணலாகட்டும்; எதிரே உள்ள மாலங்கி மடுவாகட்டும்; மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்.

மூன்றும் பலித்துவிட்டதாகவே நம்பிக்கை. மைசூரிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ள தலக்காட்டில் கோயில்கள் மணலில் புதைந்து கிடக்கின்றன. அலமேலம்மாவுக்கு அரண்மனையிலேயே வழிபாடு நடப்பதாகவும் சொல்லப்படுகிறது.

இனி சான்றுகள். தலக்காடு தமிழர்களுக்கு அந்நியமான ஊர் அல்ல. கங்கர்களின் தலைநகராக இருந்த அதைச் சோழர்கள் பிடித்து ராஜராஜபுரம் என்று பெயரிட்டார்கள். தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உண்டு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் சோழர்களிடமிருந்து ஊரை மீட்டு, வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான்.

அந்த ஊரை மூடியது காற்று. கோடையில் காவிரியின் மணல் திட்டுகள் வெளியே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அந்த மணலை வாரி ஊருக்குள் கொட்டும். மணல்மேடுகள் ஆண்டுக்கு 9 அல்லது 10 அடி வீதம் ஊரை நோக்கி நகர்ந்ததாக பிரிட்டிஷ் கால கெஜட்டியர் பதிவு செய்திருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு விஜயநகர அமைச்சர் மாதவ மந்திரியின் பெயர் தாங்கிய அணை அருகில் இருக்கிறது. ஆற்றின் ஓட்டம் மாறி மணல் சேர அதுவும் காரணம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. மாலங்கியின் மடுவுக்கும் தனி விளக்கம் தேவையில்லை. வளைந்து ஓடும் ஆறு ஒரு கரையில் மணலைச் சேர்க்கும், எதிர்க்கரையை அரித்து ஆழமாக்கும். இரண்டு சாபங்களும் ஒரே ஆற்றின் வேலை.

மூன்றாவதுதான் சிக்கலானது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1865இல் தத்தெடுத்தார். நான்காம் கிருஷ்ணராஜர் வாரிசின்றி 1940இல் இறக்க, தம்பி மகன் ஜெயசாமராஜேந்திரர் பட்டத்துக்கு வந்தார். ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் 2013இல் வாரிசின்றி இறந்தார். அடுத்தடுத்துப் பார்த்தால் யாருக்கும் மலைப்புத் தட்டும்.

ஆனால் பட்டியலை முழுவதும் படிக்க வேண்டும். 1704இல் சிக்கதேவராஜருக்குப் பின் அவர் மகன் இரண்டாம் கண்டீரவ நரசராஜர் ஆண்டார். 1714இல் அவர் மகன் முதலாம் கிருஷ்ணராஜர் அரியணை ஏறினார். தந்தை, மகன், பேரன் என்று நேர் வரிசை. சாபத்தின் நடுவிலேயே இது நடந்திருக்கிறது. ராஜ உடையார் 1617இல் இறந்த பிறகு பிறந்த அவருடைய மகனும் 1637இல் அரசரானார்.

நம்புகிறவர்களிடம் இதற்கும் பதில் உண்டு. தத்து வந்தவருக்குப் பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்குப் பிறக்காது என்பது பின்னால் சேர்ந்த விதி. தத்துப்பிள்ளையான பத்தாம் சாமராஜேந்திரருக்கு மகன்கள் பிறந்ததை அது விளக்குகிறது. 1704, 1714 வாரிசுகளை விளக்கவில்லை. பிள்ளை பிறந்தாலும் சாபம், பிறக்காவிட்டாலும் சாபம் என்றால், அதைப் பொய் என்று காட்டக்கூடிய நிகழ்ச்சி எதுவுமே மிஞ்சாது. சரித்திர ஆசிரியர்கள் அத்தகைய கூற்றைச் சான்றாக ஏற்பதில்லை.

கதை எப்போது எழுதப்பட்டது என்பது இன்னொரு கேள்வி. இன்று பரவலாகச் சொல்லப்படும் வடிவம் பிற்கால வம்ச வரலாறுகள் வழியாகவும் லூயிஸ் ரைஸ் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்த கெஜட்டியர் வழியாகவும் வந்தது. நடந்து முடிந்த பிறகு எழுதப்படும் தீர்க்கதரிசனம் பலிக்காமல் போவது அரிது.

அப்படியானால் கதையை வீசி எறிந்துவிடலாமா? அவசரம் வேண்டாம். 1610இல் ஸ்ரீரங்கப்பட்டணம் கைமாறிய விதம் பற்றி ஆவணங்களே ஒத்துப்போகவில்லை. திருமலராயர் மனமுவந்து கொடுத்தார் என்பது ஒரு தரப்பு. பறிக்கப்பட்டது என்பது இன்னொரு தரப்பு. இந்த முரண்பாடுகளை மைசூர் வரலாற்றை எழுதிய கர்னல் வில்க்ஸ் 1810லேயே கவனித்து, பின்னணியில் சூழ்ச்சி இருந்திருக்க வேண்டும் என்று கருதினார். வென்றவர்களின் வரலாறு சொல்லாமல் விட்டதைத் தோற்றவர்களின் கதை சாபமாகப் பிடித்து வைத்திருக்கலாம். ஒரு விதவையின் நகைக்கு ஆள் அனுப்பியது தவறு என்ற நியாயத்துக்கு மணலும் மடுவும் சாட்சி சொல்லத் தேவையில்லை.

தலக்காட்டில் 1992-93இல் கர்நாடகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. 2020 டிசம்பரில் பஞ்சலிங்க தரிசனம் நடந்தது. பாதாளேசுவரரைக் காண பக்தர்கள் மணல்மேட்டுக்கு நடுவே படியிறங்கிப் போகிறார்கள். மணல் எப்படி வந்தது என்று அறிந்துகொள்வதால் அந்த தரிசனத்துக்கு எந்தக் குறையும் இல்லை. அறியாமல் விட்டால் குறை வேறு இடத்தில் வரும்: பிள்ளை இல்லாத ஒவ்வொரு தம்பதியையும் யாருடைய சாபமோ என்று ஊர் பார்க்கும். அரண்மனைக்கு வெளியே அந்தப் பார்வைக்கு ஆளாகிறவர்கள் ஏராளம்.