மணம் சொல்லும் தீர்ப்பு

பியர் போட்டி நடுவர்களுக்குத் தேர்வு நடத்திச் சான்று வழங்கும் பி.ஜே.சி.பி. என்னும் அமெரிக்க அமைப்பின் மதிப்பீட்டுத் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்கள். அதில் சுவைக்கு 20, மணத்துக்கு 12. நிறம், நுரை, தெளிவு என நாம் கண்ணால் கண்டு மயங்கும் அனைத்துக்கும் சேர்த்து 3 மட்டுமே.

மென்மையான 'பேல் ஏல்' வகைப் பியரை மதிப்பிடும்போது இந்தக் கணக்கின் நியாயம் புரியும். ஹாப்ஸ் என்னும் கொடியின் பச்சைநிறக் கூம்புப் பூக்களே அதன் உயிர். கொதிக்கும் மால்ட் சாற்றில் தொடக்கத்திலேயே அவற்றை இட்டால் கசப்பு இறங்கும், மணமோ ஆவியோடு போய்விடும். எனவே, கொதிநிலையின் இறுதியிலும் நொதித்த பிறகும் மீண்டும் இடுகிறார்கள். ஓரிகன் மாநிலத்தில் உருவாக்கப்பட்டு 1972-இல் வெளியான 'கேஸ்கேட்' ரகம், பம்ப்ளிமாஸ் பழத்தோலை நினைவூட்டும் மணம் கொண்டது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலையின் பேல் ஏல் புகழ்பெற்றது இந்த ரகத்தால்தான்.

ஓரிகனில் நான் வசித்தபோது, ஒரு சிறு ஆலையின் பேல் ஏலைக் கடையில் வாங்கி மதிப்பிட்டேன். பழமணத்துக்குப் பதில் நனைந்த அட்டையின் வாடை. 50-க்கு 17 வழங்கி, தொழில் தெரியாதவர்கள் என்று உள்ளூர் ரசிகர் குழுவின் செய்திமடலில் எழுதியும் விட்டேன். சில வாரங்களுக்குப் பின் அந்த ஆலையிலேயே அதைப் பருக நேர்ந்தது. கோப்பை உதட்டைத் தொடுமுன்னரே பம்ப்ளிமாஸ் மணம் எழுந்தது. வீட்டுக்கு வந்து பழைய புட்டியை எடுத்துப் பார்த்தேன். அடைத்து ஏழு மாதங்கள் ஆகியிருந்ததை அதன் கழுத்திலிருந்த தேதி சொன்னது. கடைக்காரர் அதைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கவும் இல்லை.

உயிர்வளி பட்டால் ஹாப்ஸின் மணம் மங்கும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். வெயில் பட்டாலோ கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் பிறக்கும். பழுப்புநிறப் புட்டி அழகுக்காக அன்று, அந்த ஒளியைத் தடுப்பதற்காகவே. வறுத்த மால்ட்டின் சுவை மிகுந்த கறுப்பு பியரில் இத்தகைய குறைகள் சற்றே மறையக்கூடும். மென்மையான பியருக்கு அத்தகைய போர்வை இல்லை.

இப்போதெல்லாம் முதலில் தேதியைப் பார்க்கிறேன். பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தால் மணம் எழாது என்பதால், ஏறத்தாழ 8 டிகிரி செல்சியஸ் வரும்வரை காத்திருந்து, முகர்ந்த பிறகே பருகுகிறேன். செய்திமடலின் அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டேன். ஆனால், முதல் குறிப்பைப் படித்துவிட்டு அந்த ஆலையை ஒதுக்கியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ!