இணைய வழங்கிகளில் சுமைப் பகிர்வும் மாற்றுப் பொறுப்பேற்பும்

முன்னுரை

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் இணையதளம் திறக்க மறுப்பதைப் பலரும் கண்டிருப்பர். ஒரே வழங்கியை நம்பியிருக்கும் தளங்களில் இந்நிலை எளிதில் நேர்கிறது. வரும் கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்குப் பிரித்தளிப்பது சுமைப் பகிர்வு எனப்படும். ஒன்று செயலிழக்கும்போது மற்றொன்று அதன் பணியை ஏற்பது மாற்றுப் பொறுப்பேற்பு, அதாவது ஃபெயிலோவர் ஆகும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதால் விளையும் குறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சுமைப் பகிர்வு

வில்லி டாரோ உருவாக்கி 2001இல் வெளியிட்ட எச்ஏபிராக்சி, இப்பணிக்குப் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருளாகும். இது கோரிக்கைகளைச் சுழல்முறையிலோ, குறைந்த இணைப்புகளை உடைய வழங்கிக்கோ அனுப்பும். நலச் சோதனையை இயக்கினால், இயல்பமைப்பில் 2 நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு வழங்கியையும் சோதிக்கும். தொடர்ந்து 3 முறை தவறிய வழங்கியை விலக்கும். அது 2 முறை சரியாக விடையளித்தபின் மீண்டும் சேர்க்கும். எனினும் எளிய சோதனை, இணைப்பு கிடைக்கிறதா என்பதை மட்டுமே அறியும். தரவுத்தளம் பழுதுற்ற வழங்கியும் அச்சோதனையில் தேறிவிடும். ஆதலின் தரவுத்தளத்தைத் தொட்டு விடையளிக்கும் ஒரு பக்கத்தைச் சோதனைக்கென அமைத்தல் வேண்டும்.

மாற்றுப் பொறுப்பேற்பு

பகிர்ந்தளிக்கும் பொறியே பழுதுற்றால் அதன் பின்னுள்ள அனைத்து வழங்கிகளும் பயனற்றுப்போகும். எனவே அப்பொறியும் இரண்டாக இருத்தல் வேண்டும். கீப்அலைவ்டு என்னும் மென்பொருள், 1998இல் முதலில் வரையறுக்கப்பட்ட விஆர்ஆர்பி நெறிமுறையின்வழி இரு பொறிகளுக்கும் பொதுவான ஓர் ஐபி முகவரியைப் பேணுகிறது. முதன்மைப் பொறி இயல்பமைப்பில் நொடிக்கு ஒருமுறை தன் இருப்பை அறிவிக்கும். ஏறத்தாழ 3 முதல் 4 நொடி வரை அறிவிப்பு வாராவிடின், துணைப் பொறி அம்முகவரியை ஏற்றுக்கொள்ளும். பயனர் முகவரி மாற்றம் எதையும் உணரார்.

கவனிக்கத்தக்கன

இரு வழங்கிகள் தம் திறனில் 70 விழுக்காட்டில் இயங்குவதாகக் கொள்வோம். ஒன்று வீழ்ந்தால் எஞ்சியதன்மீது 140 விழுக்காட்டுச் சுமை விழும், அதுவும் வீழும். இங்குச் சுமைப் பகிர்வு உண்டு, பாதுகாப்பு இல்லை. இரு வழங்கிகள் மட்டுமே உள்ள அமைப்பில் ஒவ்வொன்றின் சுமையும் 50 விழுக்காட்டிற்குள் இருத்தல் இன்றியமையாதது. மேலும், உள்நுழைவுத் தகவலை ஒரு வழங்கியில் மட்டும் வைத்தால், அது வீழும்போது விண்ணப்பத்தைப் பாதியில் நிரப்பிக்கொண்டிருப்பவர் வெளியேற்றப்படுவார். அத்தகவலைப் பொதுச் சேமிப்பில் வைத்தலே தக்கது.

முடிவுரை

பொறிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் மட்டும் தொடர் சேவை அமைந்துவிடாது. நலச் சோதனை, எஞ்சிய திறன், பொதுச் சேமிப்பு ஆகிய மூன்றும் உடனமைய வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் ஒரு வழங்கியைத் தாமே நிறுத்திப் பார்ப்பதே இவ்வமைப்பின் உண்மையான தேர்வாகும்.