நாற்பது நிமிட வகுப்பு

2004ஆம் ஆண்டு. மேற்குக் கென்யாவின் கிராமப்புறப் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படம் போட்டுக் காட்டினார்கள். பத்து நிமிடம்தான் ஓடும். வயதில் மூத்த ஒருவர் பரிசு கொடுத்தே ஒரு மாணவியை வளைக்கப் பார்க்கிற கதை. படம் முடிந்ததும், வந்திருந்த தன்னார்வ நிறுவன ஊழியர், கிசுமு நகரத்தின் எச்.ஐ.வி. கணக்கைப் பிள்ளைகள் முன் வைத்தார். 15–19 வயது ஆண்களில் தொற்று உள்ளவர்கள் 4 சதவீதம். 20–24 வயதில் 13. 25–29 வயதில் 28. முப்பதுகளில் 32.

மொத்தமே 40 நிமிடம். ஓராண்டுக்குள் விசாரித்தபோது, இந்த வகுப்பு நடந்த 71 பள்ளிகளின் மாணவிகளிடையே கர்ப்பம் மற்ற பள்ளிகளைவிட 28 சதவீதம் குறைவாக இருந்தது. பொருளியலாளர் பாஸ்கலின் டுப்பா 2011இல் இதை வெளியிட்டார்.

இன்னொரு பக்கம், கென்ய அரசின் எய்ட்ஸ் பாடமும் பள்ளிகளில் இருக்கத்தான் செய்தது. கல்யாணம்வரை பொறுத்திருங்கள் என்பதே அதன் சாரம். அதை நடத்த ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கர்ப்பம் குறையவில்லை.

ஏன்? எல்லா உறவும் ஆபத்து என்று மிரட்டினால், எல்லா ஆணும் ஒரே அளவு ஆபத்து என்றுதான் காதில் விழும். அப்படியென்றால் கையில் காசுள்ளவரே மேல். கர்ப்பமானாலும் கட்டிக்கொள்ளவும் சோறு போடவும் அவரால் முடியும். பக்கத்து பெஞ்சுப் பையனால் முடியாது. இப்படி யோசிக்கும் பெண்ணுக்குப் புத்தியில்லை என்று சொல்லிவிட முடியுமா? வயது ஏற ஏறத் தொற்றும் ஏறுகிறது என்ற ஒரே ஒரு தகவல்தான் அவளிடம் இல்லை. அது கிடைத்ததும் மூத்த ஆண்களைவிட்டு விலகியவர்கள் பலர். சிலர் சமவயதுப் பையன்கள் பக்கம் திரும்பினார்கள் என்பதையும் ஆய்வு மறைக்கவில்லை. ஒழுக்கப் பாடம் நடத்துபவர்களுக்கு இது ரசிக்காது.

காசு என்றதும் செல்போனும் அழகு சாதனமும் நினைவுக்கு வரலாம். அதே மேற்குக் கென்யாவில் 3,400க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்து 2015இல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது: 15 வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர், நாப்கின் வாங்கப் பணம் வேண்டி உடலுறவுக்கு இணங்கியிருந்தார். விக்டோரியா ஏரிக்கரையில் 'ஜபோயா' என்ற ஏற்பாடே உண்டு. மீன் வாங்கி விற்கும் பெண், தனக்குச் சரக்கு தவறாமல் கிடைப்பதற்காகப் படகுக்காரரோடு படுக்க வேண்டியிருக்கும். ஊரறிந்த வழக்கம் இது.

அப்படியானால் பணத்தையே கொடுத்துப் பார்க்கலாமே? மலாவியின் சோம்பா மாவட்டத்தில் கொடுத்தார்கள். பள்ளி செல்லும் பெண்ணுக்கும் பெற்றோருக்கும் சேர்த்து மாதம் சராசரியாக 10 டாலர். பதினெட்டு மாதம் கழித்துப் பரிசோதித்ததில், பணம் பெற்ற மாணவிகளில் 1.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பெறாதவர்களில் 3 சதவீதம். 2012இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது.

தென்னாப்பிரிக்காவின் முமலாங்கா மாகாணத்தில் இதே வைத்தியம் பலிக்கவில்லை. பள்ளிக்கு ஒழுங்காக வந்தால் பணம் என்று 13 முதல் 20 வயதுவரையான பெண்களுக்குக் கொடுத்தும், புதிய தொற்றில் மாற்றமில்லை. பணம் பெறாதவர்களும் அங்கே அநேகமாகத் தவறாமல் பள்ளிக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்பது அங்கேயும் தெரிந்தது.

இத்தனை திட்டங்களும் பெண்களைச் சுற்றியே ஓடின. பரிசு கொடுத்த ஆள் எந்த வகுப்பிலும் உட்காரவில்லை. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வைரஸின் மரபணுவை ஒப்பிட்டுத் தொற்றின் பாதையைத் தேடிய ஆய்வு 2017இல் வெளியானது. 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொற்றைக் கொடுத்த ஆண்கள், அவர்களைவிடச் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். அந்த ஆண்களில் பலருக்கோ தம் வயதையொத்த பெண்களிடமிருந்து தொற்று வந்திருக்கலாம் என்று ஆய்வு கருதியது. இன்றைய இளம்பெண் வயது ஏறியதும் அந்த வட்டத்துக்குள் போய்ச் சேர்கிறாள். அதனால் ஆய்வாளர்கள் வைத்த பரிந்துரைகளில் ஒன்று ஆண்களுக்கானது: 25 முதல் 40 வயதுவரையானவர்களைப் பரிசோதித்து, தொற்று இருந்தால் சிகிச்சையில் சேர்ப்பது.