ஜீப்பு கிளம்பிய பிறகு

விடிவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. போடிநாயக்கனூரில் சாலையோரம் ஜீப்புகள் காத்து நிற்கின்றன. கையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரள எல்லைக்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிறவர்கள் இவர்கள். வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

வீட்டில் தூங்கும் நாலு வயதுக் குழந்தைக்குச் சோறு போடப் பாட்டி இருக்கிறாள். பகலெல்லாம் அதனோடு பேச யார் இருக்கிறார்கள்?

இதென்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? காரியாலயத்துக்குப் போகும் சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இதே கேள்விதான். ஜீப்புக்குப் பதில் மின்சார ரயில், அவ்வளவே!

இந்தக் குழந்தைகள் பகலில் போகுமிடம் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்தது. ஜனங்கள் வாயில் இன்னும் 'பால்வாடி'தான். அதன் பெயரைச் சொன்னால் முட்டையும் சத்துமாவும் நினைவுக்கு வருமே தவிர, பாஷை நினைவுக்கு வராது. தமிழக அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். "ஆட்டமும் பாட்டும் இருக்கட்டும், சிலேட்டில் எப்போது 'அ' எழுதுவான்?" என்று கேட்காத பெற்றோர் உண்டா?

அவசரப்படாதீர்கள். தமிழில் எழுத்துக்கள் 247. அவை எங்கும் ஓடிவிடாது. நாலு வயதில் முதலில் நிரம்ப வேண்டியது காதும் வாயும்.

உள்ளங்கையில் இரண்டு ஏலக்காயை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். "ஏலக்காய்" என்பதோடு பேச்சு முடிந்தது. "இதை யார் பறித்தார்கள்? எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அம்மா வருவாள், ஜீப்பு வரும், மழை வரும், அட்டைப்பூச்சிகூட வரும்! 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படப் புத்தகத்தைத் தாங்களே வாசித்து முடிக்காமல், இப்படிக் கேட்டுக் கேட்டுக் குழந்தையைப் பேசவைக்கப் பெற்றோருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றக் குழந்தைகளுடையதை முந்திவிட்டது.

போடிப் பக்கத்துக் குழந்தை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதை 'வெஞ்சனம்' என்று சொல்லும். "அப்படிச் சொல்லாதே, பொரியல் என்று சொல்" என்று ஆசிரியை வெட்டினால், அடுத்த வார்த்தை வெளியே வருமா? "ஆமாம், வெஞ்சனம், பொரியல் என்றும் சொல்லலாம்" என்றால் குழந்தைக்குச் சொல் இரண்டாகிறது. (வடமொழியில் 'வியஞ்சனம்' என்றால் தொடுகறி, மெய்யெழுத்தும் அதுவே! பிள்ளையை அதட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம்.) மலைச்சரிவிலுள்ள பளியர், முதுவர் குடிகளின் குழந்தைகளுக்கு வீட்டுப் பேச்சே வேறு தினுசு. அவர்களிடம் இந்தப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும்.

பிறகு ஓசை விளையாட்டு. 'ஏ-லக்-காய்' என்று மூன்று முறை கைதட்டச் சொல்லுங்கள். ஏலம், ஏணி, ஏற்றம் எல்லாம் ஒரே ஒலியில் தொடங்குவதைக் காது பிடித்துக்கொண்டால், 'ஏ' என்ற எழுத்து அறிந்த ஒலியின் படமாகிவிடும். இல்லாவிட்டால் அது வெறும் கோணல் கோடு.

இதை நன்றாக அறிந்த ஒருவர், போடிக்கு வடகிழக்கே பழனி மலையில் வாழ்ந்திருக்கிறார். 1939-ல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், உலகப் போர்க் காலத்தில் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வைப்பது அவர் முறை. விஜயதசமியன்று நெல்லில் விரல் பிடித்து எழுத வைக்கிறோமே, நம் குழந்தைகளுக்கு அது ஒரு நாள் சடங்கு. அவருடைய வகுப்பிலோ அது அன்றாட வேலை.

ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர், அறை நிறையக் குழந்தைகள், நடுவே உலை கொதிக்கிறது. ஒவ்வொன்றோடும் பேச நேரம் ஏது என்று அவர்கள் கேட்டால் நியாயந்தான். ஆனால் முட்டை உரிக்கும்போது பேசலாம்; கை கழுவ வரிசையில் நிற்கும்போது பேசலாம்.

சாயங்காலம் ஜீப்பு திரும்பும். இறங்குகிறவள் களைத்திருப்பாள். பகலெல்லாம் பேசிப் பழகிய குழந்தை அவளை அடுப்படிக்குப் போகவிடாது. "இன்றைக்கு மலையில் ஆனை வந்ததா அம்மா? நீ எங்கே ஒளிந்தாய்?"