காத்தோங்கில் காயா பன்னும் அன்னாசி டார்ட்டும்

சிங்கப்பூரின் கிழக்கே, காத்தோங் வட்டாரத்தில், ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் இருக்கிறது 'சின் மீ சின்' பேக்கரி. 1925-இல் தொடங்கிய கடை. எதிரே ஹோலி ஃபேமிலி தேவாலயம். ஞாயிறு பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சாலையைக் கடந்து இங்கே வந்து உட்காருவது பல தலைமுறைகளின் பழக்கம். சலவைக்கல் பதித்த மேசைகள், மர நாற்காலிகள், பழைய காலத்துத் தரையோடுகள், கஸ்டர்ட் டார்ட், க்ரீம் ஹார்ன். வட்டாரத்துக்காரர்கள் இங்கே சிறுபிள்ளைகளாக வந்து, பிறகு தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது காயா பன். மற்றக் கோப்பிக் கடைகளில் சதுர ரொட்டித் துண்டு வரும். இங்கே உருண்டை பன். அதை இரண்டாகப் பிளந்து சுட்டு, உள்பக்கம் காயா என்ற இனிப்புக் கூழ் தடவி, கனமான வெண்ணெய்த் துண்டு வைத்துத் தருகிறார்கள். பன் சூடாகவும் வெண்ணெய் சில்லென்றும் இருக்க வேண்டும். வெண்ணெய் ஓரத்தில் மட்டும் உருகத் தொடங்கும்போதே கடித்துவிட வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் ஆறவிட்டால் பாதி ருசி போய்விடும். துணைக்கு அரைவேக்காட்டு முட்டை இரண்டு. அதில் கறுப்பு சோயா சாஸ் நாலு சொட்டு விட்டு, வெள்ளை மிளகுத்தூள் தூவிக் கலக்கி, பன்னைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். இனிப்பும் உப்பும் மிளகும் ஒரே வாயில்.

காயாவுக்கு வேண்டியவை முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால், பாண்டான் இலை. அவ்வளவுதான். ஆனால் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினாலும் முட்டை திரிந்து கட்டி கட்டியாகிவிடும். மலாய் வழக்கங்களோடு கலந்துபோன உள்ளூர்ச் சீனர்களான பெரானாக்கான்களின் வீடுகளில் பாண்டான் சாறு சேர்த்துப் பச்சையாகச் செய்வார்கள். ஹைனான் சமையல்காரர்கள் சர்க்கரையைக் கருக்கிச் சேர்ப்பதால் அவர்கள் காயா பழுப்பாக இருக்கும்.

இலங்கைத் தமிழருக்கு இந்தப் பாண்டான் புதிதல்ல. அவர்கள் கறியில் போடும் ரம்பைதான் இது. வட்டிலப்பம் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குக் காயா உடனே பிடிபட்டுவிடும். முட்டையோடும் தேங்காய்ப்பாலோடும் கித்துள் கருப்பட்டியும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் அவித்தால் வட்டிலப்பம். அதை இலங்கைக்குக் கொண்டுபோனவர்கள் மலாய்க்காரர்கள் என்பதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

காயா வெள்ளைக்காரரின் டோஸ்ட்டில் ஏறிய கதைக்குப் பின்னால் பிழைப்புப் பாடு இருக்கிறது. சீனர்களில் ஹொக்கியன், தியோச்சூ மக்களுக்குப் பிந்தித்தான் ஹைனான் தீவினர் சிங்கப்பூர் வந்தார்கள். வணிகமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். கிடைத்தது சமையல் வேலை: பிரிட்டிஷ்காரர் வீடுகள், பெரானாக்கான் வீடுகள், கப்பல்கள், ஹோட்டல்கள். 'சிங்கப்பூர் ஸ்லிங்' பானத்தை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ராஃபிள்ஸ் ஹோட்டலின் நியாம் தோங் பூனும் ஹைனான்காரர்தான். எசமானர் வீட்டில் ரொட்டி சுடவும் கஸ்டர்ட் காய்ச்சவும் கற்ற கைகள், பிற்பாடு சொந்தக் கடை போட்டன. ஜாமுக்குப் பதில் காயா வந்தது. கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்த்து வறுத்துத் துணிப்பையில் வடித்தார்கள். 1919-இல் கில்லினி, 1944-இல் யா குன் என்று இன்று கிளை பரப்பியிருக்கும் பெயர்களும் ஹைனான்காரர்கள் தொடங்கியவையே. இன்று 'ஃப்யூஷன்' என்று மெனுவில் போட்டு விலை கூட்டும் வேலையை, கூலிக்காரனும் காசு கொடுத்துச் சாப்பிடும்படி அவர்கள் செய்து வைத்தார்கள். அதற்குரிய மரியாதை அவர்களுக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை.

அன்னாசி டார்ட்டும் அதே மாதிரிதான். அன்னாசி தென் அமெரிக்கப் பழம். ஆசியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர். மாவை வெண்ணெயில் பிசைவது ஐரோப்பிய வழக்கம். அன்னாசியைத் துருவி, பட்டையும் கிராம்பும் போட்டு, நீர் வற்றிப் பொன்னிறமாகத் திரளும்வரை கிளறுவது பெரானாக்கான் பெண்களின் கைப்பக்குவம். சீனப் புத்தாண்டு நெருங்கினால் ஊரெங்கும் பிளாஸ்டிக் டப்பாக்களில் இந்த டார்ட்தான்.

இவ்வளவு பெயர் இருந்தும் சின் மீ சின் ஒரு கட்டத்தில் மூடப்பட்டது. அதே சாலையில் 'ரெட் ஹவுஸ்' என்று எல்லாரும் அழைத்த காத்தோங் பேக்கரி 2003-இலேயே மூடியிருந்ததால், இதுவும் போயிற்று என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் 'எப் அண்ட் ஃப்ளோ' என்ற உணவக நிறுவனத்தின் கைக்கு வந்து, 2021-இல் கடை மறுபடி திறந்தது. மேசையும் தரையோடும் காக்கப்பட்டதற்கு அந்த நிறுவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வெளியூர்க்காரர்கள் வரிசை கட்டும் இடமாகக் கடை மாறிவிட்ட நிலையில், தினமும் நடந்து வந்த வட்டாரத்து முதியவர்களுக்கு இடம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு.

கூட்டத்தில் சிக்காமல் சாப்பிட வேண்டுமென்றால் வார நாளில், காலையிலேயே போய்விடுவது நல்லது. அப்படியே சிலோன் சாலைக்கு நடந்தால், இலங்கைத் தமிழர்கள் கட்டிக் காத்துவரும் செண்பக விநாயகர் கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம்.